குங்குமக் குண்டு

எங்கள் கீழத்தெரு ஆண்களுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை என்று ஒன்று நடக்கும். தெருவுக்கு ஒரு வண்டி ஜோடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரி. வண்டி மேல் ஆட்கள் சாமி வேஷம் கட்டி நிற்பார்கள். சிவன் தலையிலிருந்து கங்கை கொட்டும், நரசிம்மர் தூணைப் பிளந்துகொண்டு வருவார். எந்த வண்டிக்குக் கைதட்டல் அதிகமோ அதற்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு பரிசு. போன வருஷம் அதை மேலத்தெருக்காரர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் சும்மா போகாமல் எங்கள் தெரு வழியாக மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து எங்கள் ஆண்கள் யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

நான் அங்காளம்மாள். ஆட்டையாம்பட்டி ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். வேஷத்துணி தைப்பது வருஷா வருஷம் என் வேலை. என் தம்பி சிவபிரகாஷ் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், வண்டி ஜோடிப்பது அவன் வேலை. தம்பியும் அவன் பெண்டாட்டி பிரபாவும் மகள் இலக்கியாவும் எங்களுக்கு எதிர்வீடு. என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே லைன் போகிறவர், மாசத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அதனால் எனக்குப் பொழுது பாதி தம்பி வீட்டில்தான் போகும்.

இந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் சரவணக்குமார் எழுந்தார். பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் சோசியல் வாத்தியார். பேச ஆரம்பித்தால் பெல் அடிக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டார்.

"சாமி வேஷம் பாத்துப் பாத்து சனங்களுக்குச் சலிச்சுப் போச்சுங்க. டி.வி.யப் போட்டா என்ன ஓடுது? சண்டை. நாமளும் அதையே காட்டுவோம். மேல சண்டை பிளேனு, கீழ எதிரி ஊரு. குண்டு உழுகோணும், ஊரு எரியோணும். மேலத்தெருக்காரன் எந்திரிக்கவே மாட்டான்."

"அது எந்த ஊருங்க சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏதோ ஒரு ஊரு. எதிரி ஊருன்னா பத்தாதா?"

பத்தும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. பைலட்டுக்கு என்ன கலர் துணி எடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பிக்கு இந்த மாதிரி வேலை என்றால் தலைகால் புரியாது. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் லாரியை ஓசிக்குக் கேட்டு வாங்கினான். அதன் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிற இரும்புக் கோபுரத்தைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் உச்சியில் பழைய தகரத்தில் செய்த விமானத்தை மாட்டினான். பின்னாலேயே இன்னொரு லாரியில் தெர்மாகோல் நகரம் வரும். விமானம் அதன் தலைக்கு மேல் தொங்கும். ரிக்கோடு வருகிற கம்ப்ரசரில் ஒரு குழாயைப் பொருத்திக் காற்றைத் திறந்துவிட்டான் பாருங்கள், நிஜ விமானம் தலைக்கு மேல் தாழப் பறக்கிற ஊளைச் சத்தம் வந்தது. பட்டறைப் பக்கத்தில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நகரத்தில் மாடி வீடுகள், ஆஸ்பத்திரி, பாலம், அப்புறம் ரெண்டு பள்ளிவாசல். எதிரி ஊர் என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்று வாத்தியார் சொல்லி வைத்தது. எங்கள் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறவர் மொய்தீன் பாய். அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான். ஸ்பீக்கர் கட்ட அளவு பார்க்க வந்தவர் தெர்மாகோல் பள்ளிவாசல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"பச்சை பெயிண்ட் இன்னும் கொஞ்சம் வெளிறுனாப்புல அடிச்சா நல்லாருக்குமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வயரை எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்குச் சுருக்கென்று இருந்ததா என்றால், இல்லை. பாய் சொன்ன மாதிரியே பெயிண்ட் அடித்தார்கள்.

பூசாரிதான் முட்டுக்கட்டை போட்டார். ஆத்தா சன்னதி முன்னால் குண்டு கிண்டு என்று போட்டால் குற்றமாகிவிடும் என்றார். அதற்கும் வழி அவரே சொன்னார். குண்டுக்குள் பட்டாசு மருந்து வேண்டாம், ஆத்தா பாதத்தில் வைத்த குங்குமத்தை நிரப்புங்கள், விழுந்து உடைந்தால் சிவப்பாகப் புகை மாதிரியும் எழும்பும், பிரசாதமாகவும் ஆச்சு என்றார். எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. குண்டைப் பிரசாதமாக்கிய பெருமை எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊருக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

விமானத்தில் உட்கார்ந்து குண்டு போட ஒரு பிள்ளை வேண்டும். "இப்பெல்லாம் பொண்ணுகதான் பிளேன் ஓட்டுதுங்க" என்று வாத்தியார் சொல்ல, இலக்கியா பெயர் வந்தது. நாலாவது படிக்கிறாள், துடுக்கு. தெருவில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க எங்கள் வீட்டுப் பிள்ளையைச் சொன்னதில் என் தம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

பிரபா இலங்கையில் பிறந்தவள். சண்டை நடந்த காலத்தில் அவள் அம்மாவோடு படகில் வந்து, தம்மம்பட்டி அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே ஷெட் போடப் போன என் தம்பி அவளைப் பார்த்து, பிடிவாதமாக நின்று கட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மாவும் இப்போது இல்லை. எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் கேம்ப்காரி. முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் என்னை மச்சாள் என்று கூப்பிட்டாள். தெருவே சிரித்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்று மாற்றிக்கொண்டாள். மனசு கலங்கினால் மட்டும் பழைய பேச்சு வந்துவிடும். சண்டையில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் பாவம் வருத்தப்படுவாள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அது பசப்பு. எங்களுக்கு அதில் அக்கறை இல்லை, அதுதான் நிஜம்.

இலக்கியாவை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று பிரபா முதல் நாளே சொன்னாள். உயரத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து என் தம்பி சீட்டில் இடுப்பு பெல்ட் வைத்தான். மறுபடி வேண்டாம் என்றாள். தோளுக்கும் ஒரு பெல்ட் வைத்தான். மூன்றாவது தரம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மிணி, நாலு டன் லோடு தாங்கற பாடி கட்டறவன் நானு. எம்பட புள்ளைய உழுக உட்ருவனா?"

அவள் உள்ளே போனாள். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று ஒரு வார்த்தை அவன் கேட்டிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்திருந்த நானும் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் மைக்கில் பேச வேண்டியதை எங்கள் முன்னால் பேசிக் காட்டினார். பிரபா டீ கொண்டு வந்தாள். "முதல் உலகப்போரிலே ஆகாயக் கப்பலில் வந்து லண்டன் மாநகரின் மீது குண்டு வீசினார்கள். அடுத்த உலகப்போரிலே லண்டன் மீண்டும் எரிந்தது. ஹாம்பர்க் எரிந்தது. டிரெஸ்டன் எரிந்தது. டோக்கியோ ஒரே இரவில் சாம்பலானது. ஹிரோஷிமா, நாகசாகி. அத்தோடு போர் முடிந்தது, உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது" என்று ஏற்ற இறக்கத்தோடு முடித்தார். கேட்கிறவர்களுக்குப் புல்லரித்தது.

"அந்த ஊர்கள்ல இருந்த சனத்தப் பத்தி ஒண்ணும் வரலீங்களே சார்" என்றாள் பிரபா.

வாத்தியார் கெட்ட மனுஷன் இல்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அது பரீட்சையில வருமுங்க. 'நகரங்களின் மீது குண்டு வீசியது சரியா, விவாதி'ன்னு அஞ்சு மார்க்கு. போடாம உட்டிருந்தா சண்டை இழுத்துட்டுப் போயி இன்னும் பல லட்சம் பேரு செத்திருப்பாங்கன்னு ஒரு பக்கம். செத்ததெல்லாம் பொம்பளைங்களும் கொழந்தைங்களும்ன்னு ஒரு பக்கம். ரெண்டையும் எழுதுனா முழு மார்க்குப் போட்டுருவோம்."

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். "திருவிழா முடியட்டும் அம்மிணி, சாவகாசமாப் பேசலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னால் இலக்கியாவுக்கு பைலட் உடுப்புப் போட்டு அளவு பார்த்தேன். நீலத் துணி, தோளில் பட்டை, நெஞ்சில் ஒரு சிறகு. என் கையால் தைத்ததிலேயே அதுதான் அழகு என்று எனக்கு ஒரு கர்வம். அவள் சல்யூட் அடித்துவிட்டுத் தெருவில் காட்டுவதற்கு ஓடினாள். பிரபா அங்கேயே நின்றாள்.

"நங்கையா, என்ர தம்பி பிளேன் குண்டு போட்டுத்தான் செத்தவன்."

என் வாயில் குண்டூசி இருந்தது. எடுத்து வைத்துவிட்டுத்தான் பேச முடிந்தது. அந்த நேரத்திற்குள் ஏதாவது நல்ல வார்த்தை யோசித்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "அது வேற, இது வேற அம்மிணி. இது சாமி காரியம். ஒரு நாள் கூத்து. கொழந்த ஆசையக் கெடுத்துராத."

"அவரிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ. நான் சொன்னா உயரத்துக்குப் பயப்படுறன் எண்டு நினைக்கிறார்."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் என் கடைக்கு முன்னால்தான் நின்று பேசினான். வாயெடுத்தேன். பட்டையும் சிறகும் வைத்துத் தைத்த உடுப்பு ஞாபகம் வந்தது, மேலத்தெருக்காரர்களின் மேளம் ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே போயிற்று.

வேடிக்கையன்று சாயங்காலம் கோயில் ரோட்டில் எள் போட்டால் விழாது. உயரமான வண்டி வருகிறது என்று கம்பிகளில் கரண்டை நிறுத்திவிட்டார்கள், ஜெனரேட்டர் வெளிச்சம்தான். மேலத்தெரு வண்டியில் பாற்கடல் கடைந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ரிக் லாரி திரும்பியதும் கூட்டம் அந்தப் பக்கம் அப்படியே சாய்ந்தது. உச்சியில் என் மருமகள் இலக்கியா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே லாரியில் என் தம்பி கம்ப்ரசர் பக்கத்தில் நின்றான். மொய்தீன் பாய் சைரனைப் போட்டார். வாத்தியார் லண்டனில் ஆரம்பித்தார்.

நானும் பிரபாவும் கோயில் முனையில் நின்றோம். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பெற்றவளே வராவிட்டால் தெரு என்ன பேசும் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

முதல் குண்டு விழுந்தது. தெர்மாகோல் ஆஸ்பத்திரி மேல் பட்டு உடைந்து, சிவப்பாக ஒரு புகை எழும்பியது. "ஆத்தா குங்குமமுங்க, வாங்கிக்கோங்க" என்று பூசாரி சத்தம் போட்டார். அவ்வளவுதான், சனங்கள் லாரியை நெருக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். எங்கள் தெரு சௌமியாவும் தன் ஏழு மாசத்துப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க போடு சாமி, இங்க போடு" என்று இலக்கியாவைப் பார்த்துக் கத்தினாள். நானும் கைதட்டிக்கொண்டுதான் நின்றேன். அந்த நேரம் பார்த்து என் தம்பி கம்ப்ரசரைத் திறந்தான்.

என் பக்கத்தில் நின்ற பிரபா இல்லை. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். சௌமியாவின் கையிலிருந்த பிள்ளையைப் பிடுங்கினாள். நடு ரோட்டில் பிள்ளையைக் கீழே போட்டு அதன் மேல் கவிழ்ந்து படுத்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தலைமுடி அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"விழுந்து படுங்கோ. எல்லாரும் விழுந்து படுங்கோ. ஓடாதேங்கோ."

அது அவள் குரலே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த வேறு யாரோ ஒருத்தியின் குரல்.

ஆடி மாசம், அம்மன் கோயில் முன்னால், தலைவிரிகோலமாக ஒருத்தி நடுங்கிக்கொண்டு, யாரும் பேசாத தமிழில் விழு என்கிறாள். எங்கள் சனங்களுக்கு வேறு என்ன தோன்றும்? "ஆத்தா வந்துட்டா" என்று ஒரு குரல் எழுந்தது. முதலில் பூசாரி விழுந்தார். அப்புறம் பெண்கள். அப்புறம் கமிட்டிக்காரர்கள், மேலத்தெருக்காரர்கள், மைக்கைப் போட்டுவிட்டு வாத்தியார். கோயிலிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் சனங்கள் அத்தனை பேரும் ரோட்டில் குப்புற விழுந்து கும்பிட்டார்கள்.

நானும் விழுந்தேன். தார் ரோடு பகல் வெயிலை இன்னும் விடவில்லை, கன்னம் சுட்டது. வாயில் குங்குமமும் மண்ணும். தலைக்கு மேல் கம்ப்ரசர் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அதை நிறுத்த வேண்டியவனும் ரோட்டில் இறங்கி விழுந்து கிடந்தான். கண்ணைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தேன். பிரபா கும்பிடவில்லை. இரண்டு கையாலும் அந்தப் பிள்ளையை வளைத்துப் பிடித்து, தோளைக் குறுக்கி, எது விழுந்தாலும் தன் முதுகில் விழட்டும் என்று கிடந்தாள். அது சாமி இல்லை, பயம். அந்த ரோட்டில் அத்தனை பேரும் படுத்துக் கிடந்தோம், அவள் ஒருத்திதான் குண்டுக்காகப் படுத்திருந்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

பூசாரி தவழ்ந்து வந்து வேப்பிலையால் அவள் முதுகைத் தடவினார். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். "ஆத்தா, நாங்க என்ன குத்தம் பண்ணினோம், சொல்லு தாயி" என்று பூசாரி அழுதார்.

"பிள்ளைய இறக்குங்கோ" என்றாள் பிரபா. "சத்தத்த நிப்பாட்டுங்கோ. பிள்ளைய இறக்குங்கோ."

என் தம்பி ஓடினான். வால்வை மூடினான். இரும்புக் கோபுரத்தை மடக்கி, பெல்ட்டை அவிழ்த்து, மகளைத் தூக்கி வந்து அவள் முன்னால் நிறுத்தி, பெண்டாட்டி காலில் விழுந்தான். பெண்டாட்டியாக அவள் மூன்று தரம் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாதவன், ஆத்தா என்றதும் ஒரே வார்த்தையில் கேட்டான். சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள்.

மொய்தீன் பாய் ஒருத்தர்தான் அந்த ரோட்டில் விழாமல் நின்றவர். மெதுவாக என்னிடம் வந்து குனிந்தார். "அக்கா, அந்தப் பிரபா புள்ள பயந்து போயிருக்குது. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. "சரிங்க பாய்" என்றேன். இது சாமி இல்லை என்று அங்கே உரக்கச் சொல்ல நான் ஒருத்தி போதும். சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருக்கமாட்டார்கள் என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்து ஈரப் புடவையை மாற்றிவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். இலக்கியா உடுப்பைக் கழற்றாமல் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். "அத்த, மேல இருந்து பாத்தப்ப எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாங்க. அம்மா எதுன்னே எனக்குத் தெரியல. நா இன்னொரு குண்டு போடப் பாத்தேன்" என்றாள். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். ஆத்தாளே இறங்கி வந்த வண்டி, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று மேலத்தெருக்காரர்களே ஒப்புக்கொண்டார்களாம். வெள்ளி விளக்கை மேளதாளத்தோடு கொண்டு வந்து கமிட்டிக்காரர்கள் பிரபா வீட்டில் வைத்தார்கள். கேம்ப்காரி என்று சொன்ன வாயெல்லாம் அன்றைக்கு அம்மா என்று சொன்னது. இனிமேல் திருவிழாவில் சண்டை வேஷம் கூடாது, ஆத்தாவுக்குப் பிடிக்கவில்லை என்று தீர்மானமும் போட்டார்கள். பிரபாவுக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. வாத்தியார் வாசலில் தயங்கி நின்றார், ஏதோ சொல்ல வந்தவர் போல் இருந்தது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தம்பி வீட்டு வாசலில் பெண்கள் தட்டோடு வந்து நின்றார்கள். முன்னால் சௌமியா, இடுப்பில் பிள்ளை. தட்டில் தேங்காய், பழம், எலுமிச்சை. திண்டாடிப் போய் என் தம்பி என்னைக் கூப்பிட்டான். நான் போனபோது பிரபா வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கொழந்தையத்தான் ஆத்தா மடியில போட்டுக்கிட்டா. உங்க கையால துளி துண்ணூறு வெச்சு உடுங்க அம்மா" என்றாள் சௌமியா. பிள்ளையை நீட்டினாள்.

அன்றைக்காவது என் வாய் திறந்தது. "சாமியும் வரல, ஒண்ணும் வரல சௌமியா. இவ தம்பி பிளேன் குண்டுல செத்துப் போனவன். அந்தச் சத்தத்தக் கேட்டுப் பயந்துட்டா. இதை இவ என்கிட்ட முன்னாலயே சொன்னா. நாந்தான் யாருக்கும் சொல்லல."

என் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்கப் போவதில்லை. பிரபாதான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். எங்களைப் பார்க்காமல் உளுந்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆறு வயசு அவனுக்கு. நாங்கள் ஊர் விட்டு வந்து பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். கிபிர் பிளேன் வந்தா எப்பிடிப் படுக்கிறது எண்டு பழக்கியிருந்தவை. குப்புறப் படுத்து ரெண்டு கையாலயும் காதப் பொத்த வேணும். நான் அவன்ர கையப் பிடிச்சிருந்தன். அம்மா விழுந்து படுங்கோ எண்டு கத்தினா. காதப் பொத்த ரெண்டு கையும் வேணும்தானே. அவன்ர கைய விட்டுட்டன். அவன் பிளேன் பாக்க வெளிய ஓடிட்டான். அவனுக்கு பிளேன் எண்டா விருப்பம்."

சௌமியாவின் கண் நிறைந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்பறம் என்னங்க அம்மா, அந்தத் தம்பிதான் ஆத்தா கூட எறங்கி வந்திருக்குறான். சின்ன வயசுல போன உசுரு தெய்வந்தானுங்களே. பேரு சொல்லுங்க, அடுத்த வெள்ளிக்கு அவன் பேர்ல பொங்கல் வெச்சுப் போடலாம்." பின்னால் நின்ற பெண்கள் ஆமாமென்று கையைக் கூப்பினார்கள். அவர்கள் நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவன் தெய்வம் இல்லீங்க" என்றாள் பிரபா, எங்கள் பேச்சிலேயே. "சின்னப் பையன். எடுத்துட்டுப் போங்க."

அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொருத்தியாகத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். சௌமியா மட்டும் போகும்போது பிள்ளையின் தலையைப் பிரபாவின் காலில் தொட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் நாங்கள் மூன்று பேர். என் தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். லாரிக்கு பாடி கட்டுகிற கை, விரலெல்லாம் வெல்டிங் தழும்பு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தத் தூணையே பிடித்திருந்தது. பிரபா முறத்தை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"உன்ற தம்பி பேரு என்ன?"

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவன் அதைக் கேட்டான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்குங்க?" என்றாள்.

உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். என் தம்பி பட்டறைக்குப் போனான். ஆவணியும் பாதி போய்விட்டது. தினமும் அவள் கையால் காபி வாங்கிக் குடிக்கிறேன், இலக்கியாவுக்குத் தலை பின்னிவிடுகிறேன். அந்தப் பையன் பேர் எனக்கும் தெரியாது, என் தம்பிக்கும் தெரியாது. மறுபடி கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.